பன்னத்தின் மறைவாழ்வு கண்ட வில்ஹெல்ம் ஹொப்மைஸ்டர்

தாவரவியல் பயின்ற எவரும் பன்னத்தின் வாழ்க்கை வட்டத்தை ஒரு முறையேனும் வரைந்திருப்பர். இலையின் கீழ்ப்புறத்துக் கபிலநிறப் பொட்டுகள், அவற்றினின்று உதிரும் வித்திகள், வித்தி முளைத்து உண்டாகும் இதய வடிவான சிறு பசுந்தகடு, அத்தகட்டினின்று மீண்டும் எழும் பன்னம் என அம்புக்குறிகளால் இணைத்து, பாகங்களுக்குப் பெயர் குறித்து, உரிய புள்ளிகளைப் பெற்று, பரீட்சை முடிந்ததும் பெரும்பாலோர் மறந்துமிருப்பர். அவ்வட்டத்தின் முழுப்பொருளை முதன்முதற் கண்டவர் பேராசிரியரல்லர். எந்தப் பல்கலைக்கழகத்திலும் ஒருநாளேனும் மாணவராக இருந்தவருமல்லர். ஜேர்மனியிலே லைப்சிக் நகரில், தந்தையாரின் இசையேட்டு வணிக நிலையத்திலிருந்து வெளிநாட்டுக் கடிதங்கள் எழுதிவந்த இருபத்தேழு வயது இளைஞர் அவர். வில்ஹெல்ம் பிரீட்ரிக் பெனடிக்ட் ஹொப்மைஸ்டர் என்பது அவர்தம் முழுப்பெயர்.

அவர் அவிழ்த்த முடிச்சு மிகப் பழையது. ஏனைய செடிகொடிகள் பூக்கின்றன, காய்க்கின்றன, வித்துத் தருகின்றன. பன்னமோ பூப்பதில்லை, காய்ப்பதில்லை, ஆயினும் ஆண்டுதோறும் நிழலும் ஈரமும் உள்ள இடமெல்லாம் புதிதாய் முளைக்கின்றது. அத்திப்பூவைக் கண்டாரில்லை என்று நம்மவர் சொல்லி வந்ததுபோல, ஐரோப்பிய நாட்டு மக்களும் பன்னத்தின் வித்தைக் கண்டாரில்லை என்று சொல்லி வந்தனர். அவ்வித்துக் கண்ணுக்குத் தோன்றாதது என்றும், நடுக்கோடை இரவொன்றிலே அதனைக் கைப்பற்றுவோன் தானும் பிறர் கண்ணுக்குத் தோன்றாதவனாவான் என்றும் கதைகள் வழங்கின. தாவரங்களை வகுத்துப் பெயரிட்ட சுவீடன் நாட்டு லின்னேயஸ், பூவில் உள்ள கேசரங்களையும் சூலகங்களையும் எண்ணி வகுப்பமைத்தவராதலின், பூவே இல்லாத பன்னம், பாசி, காளான் முதலியவற்றை என் செய்வதென்று அறியாது, அவற்றையெல்லாம் ஒரே வகுப்பில் இட்டு, மறைவான மணமுடையவை என்று பொருள்படும் பெயரொன்றைச் சூட்டினார். நம் அகத்திணை நூலோர் களவு என்று கூறுவரே, அதனை நினைவூட்டும் பெயர். களவு உண்டு என்பது ஊகம். அது நிகழும் இடம் எது, நிகழ்த்துவோர் எவர் என்பதே தெரியாதிருந்தது.

சிறுகச் சிறுகச் சில துப்புகள் கிடைத்தன. லைப்சிக்கிலேயே வாழ்ந்த ஹெட்விக் என்னும் மருத்துவர் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் பாசிகளில் ஆணுறுப்பையும் பெண்ணுறுப்பையும் இனங்கண்டார். ஜமேக்காவிலிருந்த லின்ட்சே என்னும் சத்திரவைத்தியர் பன்னத்தின் தூளை விதைத்துப் பன்னத்தை முளைப்பித்துக் காட்டினார். 1844 இல் சுவிற்சர்லாந்து நாட்டு நேகெலி, பன்னத்தின் வித்தி முளைத்து உண்டாகும் அச்சிறு தகட்டில், சுருண்ட உடலோடு நீந்தும் ஆண்கலங்களைக் கண்டார். 1848 இல் போலந்து நாட்டுப் பிரபுவாகிய லெஷ்சிச்-சுமின்ஸ்கி, அதே தகட்டிற் பெண்ணுறுப்பும் உண்டென்றும், கருக்கட்டல் நிகழ்ந்தபின் பன்னம் அங்கிருந்தே எழுகின்றது என்றும் வெளியிட்டார். துண்டுகள் இவ்வாறு குவிந்து கிடந்தன. அவற்றைப் பொருத்திப் பார்க்கும் கண்ணே வேண்டியிருந்தது.

அக்கண்ணுக்குரியவர் 1824 ஆம் ஆண்டு மே மாதம் 18 ஆம் நாள் லைப்சிக்கிற் பிறந்தார். தந்தையார் பிரீட்ரிக் ஹொப்மைஸ்டர் 1807 இல் நிறுவிய பதிப்பகம் இசையுலகில் மதிப்புடையது. ஷூமான் என்னும் இசைப்புலவரின் இளமைக்கால ஆக்கங்கள் சில அங்கிருந்துதான் வெளிவந்தன. அத்தந்தையாருக்குத் தாவரங்களிற் பெருவிருப்பம் உண்டு. இசையேடுகளோடு தாவரவியல் நூல்களையும் பதிப்பித்தார். திரெஸ்டென் நகரத்துத் தாவரவியலறிஞர் ரைகன்பாக்கோடு நட்புப் பூண்டார். இத்தகைய வீட்டில் வளர்ந்த மைந்தனுக்குச் செடிகளின் பெயர்கள் பள்ளிப் பாடத்துக்கு முன்னரே பழக்கமாயின. எனினும் தொழில் தொழிலே என்பது அந்த வணிகக் குடும்பத்தின் கொள்கை. பதினைந்து வயதிற் பள்ளிப் படிப்பு முடிந்தது. ஹம்பேர்க் நகரில் இசையேட்டுக் கடையொன்றில் இரண்டாண்டு பயிலுநராக இருந்து, 1841 இல் வீடு திரும்பித் தந்தையாரின் நிலையத்தில் அமர்ந்தார். அதன்பின் இருபதாண்டுகளுக்கு மேலாக அவருடைய பகற்பொழுது வணிகத்துக்கே உரியதாயிற்று.

விடியற்காலம் மட்டும் அவருக்குச் சொந்தம். காலை நான்கு மணிக்கு எழுந்து ஆறு மணிவரை நுணுக்குக்காட்டியின் முன் இருப்பார். பின்னர் கடைக்குப் போவார். இங்கே அவருடைய கண்ணைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர் கடுமையான கிட்டப்பார்வையுடையவர். வீதியில் எதிரே வருவோரை இனங்காண இடர்ப்படும் அக்கண், மூக்கின் நுனியருகே பிடித்த பொருளில் மற்றவர் காணாத நுட்பங்களைக் கண்டது. பிறர் உருப்பெருக்கியால் தேடும் சின்னஞ்சிறு சூல்வித்தை அவர் வெறுங்கண்ணாற் பார்த்து, ஊசிமுனையாற் பிளந்து, கண்ணாடித் தட்டில் இடுவார். மெல்லிய வெட்டுமுகங்களை எடுத்துத் தரும் பொறிகள் பரவாத காலத்தில் அனைத்தும் அவர் கைத்திறனால் நிகழ்ந்தன. குறையென்று வைத்தியர் எழுதியிருக்கக்கூடிய ஒன்றைக் கருவியாக்கிக் கொண்டார் எனலாம்; அன்றி, கடைக்காரருக்கு வேறு கருவி வாங்க வசதியும் நேரமும் இருக்கவில்லை எனினும் பொருந்தும்.

ஆசிரியர் எவரும் அவருக்கு வாய்க்கவில்லை. நூலொன்றே வாய்த்தது. ஜேனா நகரத்துப் பேராசிரியர் ஷ்ளைடன் 1842 இலும் 1843 இலும் வெளியிட்ட தாவரவியல் அடிப்படை நூல், முதிர்ந்த செடியை நோக்கிப் பெயரிடுதல் போதாது, ஒவ்வோருறுப்பும் முதற்கலத்திலிருந்து எவ்வாறு வளர்ந்து வருகின்றது என்பதைப் படிப்படியாகத் தொடர்ந்து காண்பதே அறிவியல் என்று வற்புறுத்தியது. ஹொப்மைஸ்டர் அதனை வேதவாக்காகக் கொண்டார். கொண்டதன் விளைவு அந்நூலாசிரியருக்கே சங்கடமாயிற்று.

பூக்குந் தாவரங்களில் முளையம் எங்கிருந்து தோன்றுகின்றது என்பது அந்நாளிற் பெரிய வழக்கு. மகரந்தக் குழாயின் நுனியே சூல்வித்தினுள் நுழைந்து முளையமாகின்றது என்பது ஷ்ளைடன் கொள்கை. அதன்படி மகரந்தமே குழந்தை; சூல்வித்து வெறுந்தொட்டில். ஷ்ளைடனோ ஜேர்மனியில் அக்காலத்திற் குரல் உயர்ந்த அறிஞர். எதிர்த்தாரைப் பேனாவாற் குத்துவதில் வல்லவர். கடைக்கார இளைஞர் அவர் கற்பித்த முறையையே கையாண்டு, கலங்கலமாக வளர்ச்சியைத் தொடர்ந்து, 1847 இல் ஒரு கட்டுரையாலும் 1849 இல் ஒரு நூலாலும் அக்கொள்கை பிழை என்று காட்டினார். மகரந்தக் குழாய் வருமுன்னரே முளையப்பையினுள் முட்டைக்கலம் காத்திருக்கின்றது. குழாய் வந்தடைந்தபின் அக்கலமே பிரிந்து முளையமாகின்றது என்பது அவர் கண்டது. இத்தாலி நாட்டு அமிச்சியும் ஓக்கிட்டுப் பூக்களில் இதனையே கண்டிருந்தார். வாதம் சில ஆண்டுகள் நீண்டது. ஷ்ளைடன் பக்கம் நின்றோர்க்குப் பரிசும் கிடைத்தது. 1856 இல் ஷ்ளைடனின் ஆய்வுகூடத்திலேயே பணிபுரிந்த ரட்ல்கோபர் என்னும் மாணவர் ஹொப்மைஸ்டர் சொன்னதே மெய் என்று கண்டபின்னரே ஷ்ளைடன் தம் கொள்கையைக் கைவிட்டார். குருவின் சொல்லை மறுப்பது பிழையா என்ற வினா நம்மிடையே இன்றும் எழுவதுண்டு. குரு தந்த முறையைக் கைவிட்டிருந்தாலன்றோ அது பிழையாகும்!

இவ்வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே விடியற்காலத்து இரண்டு மணிநேரம் பன்னங்களிடமும் பாசிகளிடமும் சென்றுவிட்டது. 1851 இல் அவர்தம் பெருநூல் வெளிவந்தது. உயர்ந்த பூவாத் தாவரங்களின் முளைத்தலையும் வளர்ச்சியையும் கனியாதலையும், ஊசியிலை மரங்களின் வித்து உருவாதலையும் ஒப்பிட்டாராய்ந்த அந்நூலில் 33 படத்தகடுகள் உள. அனைத்தும் அவரே கண்டு வரைந்தவற்றின் பயன்.

அவர் கண்டதை நம் வீட்டு முற்றத்துப் பொருள்களாற் கூறலாம். நீர் கசியும் கிணற்றுக் கட்டின் இடுக்கில் வளரும் பன்னத்தின் இலையைத் திருப்பினாற் பொட்டுகள் தெரியும். ஒவ்வொரு பொட்டும் வித்திக்கலன்களின் கூட்டம். வித்திக்கலனைச் சூழ்ந்து தடித்த சுவர்க் கலங்களாலான வளையமொன்றுண்டு. காற்றிற் காயக் காய அவ்வளையம் பின்னோக்கி வளைந்து, பின் திடீரெனச் சுண்டி வித்திகளை எறிகின்றது. ஈரமண்ணில் வீழ்ந்த வித்தி முளைத்தாற் பன்னம் வருவதில்லை. விரல் நகத்தளவேனும் பெருகாத அப்பசுந்தகடுதான் வருகின்றது. அதன் அடிப்புறத்தில் ஆணுறுப்பும் பெண்ணுறுப்பும் உண்டு. மழைநீரோ பனிநீரோ படலமாக நின்றால் ஆண்கலம் அதில் நீந்திச் சென்று முட்டைக்கலத்தை அடைகின்றது. அக்கலம் வளர்ந்தே நாம் அறிந்த பன்னமாகின்றது. ஆகவே பன்னம் ஈன்றது தகடு. தகடு ஈன்றது பன்னம். தாயைப் போல் மகள் இல்லை. பாட்டியைப் போலப் பேர்த்தி. பாட்டன் பெயரைத் தாங்குபவன் பெயரன் என்று நம் முன்னோர் வழங்கிய சொல்லே இம்முறைக்கு மிகவும் பொருந்துவதாகும்.

இது பன்னத்தளவில். இனித்தான் ஹொப்மைஸ்டரின் தனிக்கண் வெளிப்படுகின்றது. மாரிகாலத்தில் மதிலிற் படரும் பாசியை எடுத்துக்கொள்வோம். இலைபோன்ற உறுப்புகளுடைய பசும்பாசி ஒன்று. அதன் உச்சியில் மயிரிழைபோன்ற காம்பும் அதன் முனையில் வித்தி நிறைந்த சிமிழும் ஒன்று. பார்ப்பவர் எவரும் பாசியின் இலையையும் பன்னத்தின் இலையையும் ஒப்பிடுவர். சிமிழைப் பாசியின் காய் என்பர். அவ்வாறன்று என்றார் அவர். ஆண் பெண் உறுப்புகளைத் தாங்குவது எது, கருக்கட்டிய கலத்திலிருந்து எழுந்து வித்திகளைத் தருவது எது என்று மட்டும் கேட்பின், பசும்பாசி பன்னத்தின் சிறுதகட்டுக்கு ஒப்பாகின்றது. பாசியின் காம்பும் சிமிழும் பன்னமரம் முழுவதற்கும் ஒப்பாகின்றன. ஒன்றிலே பெரியது மற்றதிலே சிறியது. ஒன்றிலே தாய்மேல் ஒட்டி வாழ்வது மற்றதிலே தனித்து நின்று மரமாகின்றது. உருவம் ஏமாற்றுகின்றது, வளர்ச்சியின் ஒழுங்கு ஏமாற்றுவதில்லை. நாம் இன்று சந்ததிப் பரிவிருத்தி எனப் பாடநூலில் ஒரே தலைப்பிற் படிக்கும் செய்தி, அவர் ஆண்டுக்கணக்காக ஒவ்வோரினத்தையும் முதற்கலத்திலிருந்து தொடர்ந்து பார்த்துப் பெற்ற ஒற்றை முடிவாகும்.

அவர் அங்கும் நிற்கவில்லை. செலாசினெல்லா போன்ற சில பூவாத் தாவரங்களில் வித்திகள் இருவகை: சிறியன ஆண்பால், பெரியன பெண்பால். பெரிய வித்தியில் முளைக்கும் தகடு வெளியே பரவாது பெரும்பாலும் வித்தியின் சுவருக்குள்ளேயே அடங்கி நிற்கின்றது. இன்னும் ஒருபடி சென்று அப்பெரிய வித்தி தாய்ச்செடியை விட்டு உதிராமலே தங்கிவிடுவதாகக் கொள்வோம். அதுவே பைன் மரத்துச் சூல்வித்து. அதுவே வித்துத் தாவரத்தின் பிறப்பு. பூக்குந் தாவரங்களின் முளையப்பை என்பது தாய் வீட்டை விட்டு வெளியேறாத பெருவித்தியே என்று அவர் காட்டியபோது, லின்னேயஸ் இட்ட வேலி விழுந்தது. பூத்தது பூவாதது என்று இரண்டு உலகங்கள் இல்லை. பாசி முதற் பைன் மரம்வரை ஒரே தொடர்தான். சார்ள்ஸ் டார்வின் தம் உயிரினத் தோற்ற நூலை வெளியிட்டது 1859 இல் என்பதை இங்கு நினைக்கவேண்டும். அத்தொடர்க்குக் காரணம் எதுவென்று உலகம் கேட்குமுன்பே, எட்டாண்டுகள் முந்தி, தொடர் உண்டு என்பதை இசைக்கடைக்காரர் எழுதிவைத்துவிட்டார்.

எழுதிய விதம் மட்டும் வாசகர்க்கு இரக்கமில்லாதது. பக்கம் பக்கமாகக் கலப்பிரிவுகளின் வருணனை. பொதுமுடிவுகள் இறுதியிற் சில பக்கங்களே. அவற்றையும் அவர் ஆரவாரமின்றிக் கூறிச் செல்கின்றார். பொறுமையற்றோர் அந்நூலைத் திறந்து மூடியிருப்பர் என்பதில் ஐயமில்லை. அறிந்தோர் அறிந்தனர். அவ்வாண்டிலேயே ரொஸ்ரொக் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவக் கலாநிதிப் பட்டம் வழங்கியது. 1862 இல் நூல் விரிவுபெற்று ஆங்கிலத்தில் வெளிவந்தது. பட்டம் பெற்ற கலாநிதி ஹொப்மைஸ்டர் மறுநாட் காலையும் கடைக்கே போனார். 1852 இல் தந்தையார் ஓய்வுபெற, நிலையத்தின் பொறுப்பும் அவர்மேலும் தமையனார்மேலும் வந்தது. 1847 இல் ஆக்னஸ் லுர்கன்ஸ்ரைனை மணந்த அவருக்குப் பிள்ளைகள் ஒன்பதின்மர். வணிகத்தை விடுவது எளிதன்று.

இத்தகையோர் அக்காலத்தில் அவர் ஒருவரே அல்லர் என்பதற்கு நம் நாட்டோடு தொடர்புடைய சான்றொன்றுண்டு. இங்கிலாந்திலே பிரிஸ்டல் நகரில் கணக்காளராயிருந்து, ஓய்வுநேரத்திற் பூவாத் தாவரங்களை ஆராய்ந்து, நுண்ணிய அல்காக்களின் இணைதலைக் கண்டு புகழ்பெற்ற துவெய்ற்ஸ் என்பவரே 1849 இல் பேராதனைப் பூங்காவின் தலைமைக்கு வந்தார். 1869 இல் மலைநாட்டுக் கோப்பி இலைகளிற் செம்மஞ்சட் தூளாகத் தோன்றிய நோயை இனங்காணும்படி இங்கிலாந்துக்கு அனுப்பி, அது பங்கசு ஒன்றின் வேலை என்று தெரியச் செய்தவரும் அவரே. அத்தூளும் வித்திகளே. இலங்கையின் கோப்பித் தொழிலை அவை அழித்த கதை நாமறிந்தது.

1863 இல் ஹைடல்பேர்க் பல்கலைக்கழகம் ஹொப்மைஸ்டரைத் தாவரவியற் பேராசிரியராகவும் பூங்காவின் பணிப்பாளராகவும் அழைத்தது. மாணவராய்ப் புகாதவர் பேராசிரியராய்ப் புகுந்தார். புன்சன், கிர்க்கோப், ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆகியோர் அப்போது அங்கே கற்பித்துக்கொண்டிருந்தனர் என்றால் அவ்விடத்தின் பெருமை விளங்கும். முப்பத்தொன்பது வயதில் முதன்முறையாகப் பகல் முழுவதும் ஆய்வுக்குரியதாயிற்று. தாவரக் கலத்தைப் பற்றி 1867 இலும், தாவர உருவமைப்பைப் பற்றி 1868 இலும் பெருநூல்கள் இயற்றினார். தண்டின் நுனியிற் புதிய இலை, முன்னெழுந்த இலைகளின் அடிகளுக்கிடையே எங்கு இடைவெளி மிகுதியோ அங்கு எழும் என்ற அவருடைய விதி இன்றும் ஆராய்ச்சிக்குரியது. நிறமூர்த்தம் என்ற பெயர் பிறப்பதற்கு நாற்பதாண்டுகளுக்கு முன்பே, 1848 இல், பிரியும் கலத்தினுள் அவற்றைக் கண்டு வரைந்திருந்தார் என்பதும் குறிப்பிடத்தக்கது.

ஆயினும் ஹைடல்பேர்க் காலத்து நூல்கள் விடியற்காலத்து நூலுக்கு ஈடாகா என்பது என் கருத்து. உடற்றொழிலியலில் அவர் வழுக்கியதுமுண்டு. வேர் கீழ்நோக்கி வளைவது அதன் மென்மையான நுனி தன் பாரத்தால் தாழ்வதனாலேயே என்றார். பிராங்க் என்னும் இளைஞர் 1868 இல் அது வளர்ச்சியின் செயலே, வெறுந்தொங்கலன்று என்று காட்டினார். இளமையில் ஷ்ளைடனைத் திருத்தியவர், முதுமையில் திருத்தம் பெறும் இடத்தில் நின்றார்.

1870 இல் மனைவியார் காலமானார். பிள்ளைகள் சிலரையும் தம் வாழ்நாளிலேயே இழந்தார். 1872 இல், மறைந்த ஹூகோ பொன் மோல் வகித்த பீடத்துக்கு டியூபிங்கன் பல்கலைக்கழகம் அழைக்க, அங்குச் சென்றார். அங்கு அவரிடம் பயின்ற கேபெல் பின்னாளிற் பேரறிஞராகி, 1924 இல், ஆசிரியரின் நூற்றாண்டில், அவர் வரலாற்றை எழுதினார். நாம் அவர் வாழ்வை அறிவது பெரும்பாலும் அம்மாணவரின் நன்றியால். உடல்நலம் குன்றவே 1876 இற் பணி துறந்து, பிறந்த ஊருக்கருகேயுள்ள லின்டெனௌவுக்குத் திரும்பினார். 1877 ஆம் ஆண்டு ஜனவரி 12 ஆம் நாள், ஐம்பத்திரண்டு வயதில், அங்கே உயிர் நீத்தார்.

அவர் கண்ட இரு சந்ததிகளின் உட்காரணம் 1894 இல் ஸ்திராஸ்பேர்கரால் தெளிவாயிற்று: வித்தி தரும் சந்ததியின் கலங்களில் நிறமூர்த்தங்கள் இருமடங்கு, ஆண் பெண் கலங்களைத் தரும் சந்ததியில் ஒருமடங்கு. இன்னொரு செய்தியும் நிலுவையில் நின்றது. பன்னத்துக்கும் பைன் மரத்துக்கும் உறவுண்டாயின், பன்னத்தில் நீரில் நீந்தும் ஆண்கலம் ஊசியிலை மரங்களின் மகரந்தக் குழாயினுள்ளும் இருத்தல் கூடும் என்று 1851 ஆம் ஆண்டு நூலில் அவர் ஊகித்திருந்தார். பலர் தேடினர், ஊசியிலை மரங்களில் அது அகப்படவில்லை. 1896 இல் தோக்கியோ நகரத்துத் தாவரவியற் பூங்காவில் நின்ற கிங்கோ மரத்தின் சூல்வித்துகளை நாள்தோறும் பறித்து வெட்டிப் பார்த்துவந்த ஹிராசே சக்குகோரோ, மகரந்தக் குழாயினின்று வெளிப்பட்டு நீந்தும் ஆண்கலத்தைக் கண்டார். அவ்வாண்டிலேயே இக்கெனோ என்பார் சைக்கசில் அதனைக் கண்டார். ஹிராசே அப்பல்கலைக்கழகத்திற் படம் வரைவோராகவும் உதவியாளராகவும் இருந்தவர், பட்டம் பெற்றவரல்லர். அந்தக் கிங்கோ மரம் கொய்சிக்காவாப் பூங்காவில் இன்றும் நிற்கின்றது.